காம்ப்டன் சிதறல் கணக்கு ஒத்துவரவில்லையா? தப்பான விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஒன்று எலெக்ட்ரான்மீது மோதிச் சிதறும்போது எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்ற கணக்கு மொத்தமே சில வரிதான். ஆனால் அந்தச் சில வரிக்குள் தப்பு செய்வதற்கு நிறைய இடம் இருக்கிறது. இதில் ஒரு வசதியும் உண்டு. எந்த இடத்தில் தப்பு செய்கிறோமோ அதற்கேற்ற தவறான எண்தான் வரும். ஆகவே விடை ஒத்துவராதபோது தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். வந்த எண்ணை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே பிழை இருக்கும் இடத்தைக் காட்டிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் வரை படித்த பிள்ளைகளுக்கு ஒளிமின் விளைவு நன்றாகத் தெரியும். 12ஆம் வகுப்புப் பாடத்திலேயே அது இருக்கிறது. காம்ப்டன் சிதறலை அவர்கள் பல்கலைக்கழகத்தில் நவீன இயற்பியல் தாளிலோ, ரேடியோகிராஃபி படிப்பிலோதான் சந்திக்கிறார்கள். சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் கணக்குக் கேட்டு வரும் தம்பி தங்கைகளில் பலர் டர்பன் பக்கத்துக் கல்லூரிகளில் இந்த இரண்டில் ஒன்றைப் படிப்பவர்கள். பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆனாலும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழில் ஒருமுறை விளக்கிவிட்டால் அது மனதில் தங்கிவிடுகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனைக் கணக்கு

பிழை தேடுவதற்கு முன், விடை தெரிந்த ஒரு கணக்கு கையில் இருக்க வேண்டும். 1923இல் ஆர்தர் காம்ப்டன் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையையே எடுத்துக்கொள்வோம். மாலிப்டினம் இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரை அவர் கிராஃபைட்டில் சிதறவிட்டு, 45, 90, 135 பாகைகளில் அலைநீளத்தை அளந்தார். 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைக் கீழே கே.இ.வி. என்றும், எலெக்ட்ரான் வோல்ட்டை இ.வி. என்றும் எழுதுகிறேன். '1 − கொசைன் கோணம்' என்பதைக் கோணக் காரணி என்று சொல்கிறேன். கோணம் என்பது ஃபோட்டான் தன் பழைய பாதையிலிருந்து எவ்வளவு திரும்பியது என்பதுதான்.

அலைநீள மாற்றம் = 2.426 பிக்கோமீட்டர் × கோணக் காரணி

விகிதம் = (தொடக்க ஆற்றல் ÷ 511 கே.இ.வி.) × கோணக் காரணி

சிதறிய ஆற்றல் = தொடக்க ஆற்றல் ÷ (1 + விகிதம்)

இழப்பு = தொடக்க ஆற்றல் × விகிதம் ÷ (1 + விகிதம்)

511 கே.இ.வி. என்பது எலெக்ட்ரானின் ஓய்வு நிறை ஆற்றல். 2.426 பிக்கோமீட்டர் என்பது காம்ப்டன் அலைநீளம், அதாவது பிளாங்க் மாறிலியை எலெக்ட்ரான் நிறை, ஒளியின் வேகம் ஆகிய இரண்டின் பெருக்கலால் வகுத்தால் கிடைப்பது.

மாலிப்டினம் கே ஆல்ஃபா கதிரின் சராசரி அலைநீளம் 0.07107 நானோமீட்டர், ஆற்றல் 17.445 கே.இ.வி. 90 பாகையில் சிதறினால் அலைநீளம் 0.07350 நானோமீட்டர் ஆகிறது, ஆற்றல் 16.869 கே.இ.வி.க்கு இறங்குகிறது. இழப்பு 576 இ.வி. இந்த 576ஐ ஒரு மூலையில் எழுதி வையுங்கள். உங்கள் கணக்கில் சந்தேகம் வரும்போதெல்லாம் அதே முறையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 576 வரவில்லை என்றால் என்ன வந்தது என்பதைக் கவனியுங்கள்.

அறிகுறி: விடை 511 கே.இ.வி. என்று வருகிறது

நான் அதிகம் பார்க்கும் பிழை இது. 17 கே.இ.வி. ஆற்றலோடு வந்த ஃபோட்டான் 511 கே.இ.வி.யை இழக்க வழியே இல்லை. நூறு ரேண்ட் வைத்திருப்பவர் மூவாயிரம் ரேண்டைத் தொலைக்க முடியாதல்லவா?

இழப்பு 511 என்று வந்தால், அலைநீள மாற்றத்தை நேரடியாக ஆற்றலாக மாற்றியிருக்கிறீர்கள். ஃபோட்டானின் ஆற்றல் = 1240 ÷ அலைநீளம் என்ற வாய்பாட்டில், அலைநீளம் நானோமீட்டரில் இருந்தால் ஆற்றல் இ.வி.யில் வரும். அதில் அலைநீளம் இருக்க வேண்டிய இடத்தில் அலைநீள மாற்றமான 0.002426ஐப் போட்டால் 5,11,000 இ.வி. வரும். இது தற்செயல் அல்ல. எலெக்ட்ரானின் ஓய்வு நிறை ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் உள்ள ஃபோட்டானின் அலைநீளம்தான் காம்ப்டன் அலைநீளம். நீங்கள் அறியாமல் எலெக்ட்ரானின் நிறையைக் கணக்கிட்டுவிட்டீர்கள்.

ஆற்றல் அலைநீளத்துக்குத் தலைகீழாகப் போகிறது. அதனால் வித்தியாசத்தைத் தலைகீழாக்கினால் தலைகீழ்களின் வித்தியாசம் கிடைக்காது. முதலில் புதிய அலைநீளத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் அதை ஆற்றலாக மாற்றுங்கள். கடைசியாகக் கழியுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

கோணம் 90 இல்லாமல் வேறாக இருந்தால் இதே பிழை வேறு எண்ணாக வரும். 60 பாகைக்கு 1022 கே.இ.வி., 180 பாகைக்கு 255.5 கே.இ.வி. கோணம் கூடக்கூட இழப்பு குறைவதைக் கவனித்தீர்களா? உண்மையில் கோணம் கூடினால் இழப்பு கூட வேண்டும். எண் தெரிந்ததாக இல்லாவிட்டாலும் இந்தப் போக்கு ஒன்றே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இழப்பு சரியாக இருந்து, சிதறிய ஆற்றல் மட்டும் 511 என்று வந்தால் காரணம் வேறு. பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணில், இருக்கும் '1 +' விழுந்துவிட்டது. 17.445ஐ 1.0341ஆல் வகுப்பதற்குப் பதில் 0.0341ஆல் வகுத்திருக்கிறீர்கள்.

அறிகுறி: சிதறிய ஆற்றல் தொடக்க ஆற்றலைவிட அதிகம்

சோதனைக் கணக்கில் 18.06 கே.இ.வி. வந்தால் குறி மாறியிருக்கிறது. அலைநீள மாற்றத்தைக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருப்பீர்கள், அல்லது கோணக் காரணியைக் 'கொசைன் − 1' என்று திருப்பிப் போட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். நின்றுகொண்டிருக்கும் எலெக்ட்ரானிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை, ஃபோட்டான்தான் கொடுக்க வேண்டும். எனவே புதிய அலைநீளம் எப்போதும் நீளமாகவே இருக்கும்.

(வேகமாக ஓடும் எலெக்ட்ரான்மீது மோதினால் ஃபோட்டானின் ஆற்றல் கூடலாம். அதைத் தலைகீழ் காம்ப்டன் சிதறல் என்கிறோம். வானியலில் அது பெரிய விஷயம். ஆனால் உங்கள் கேள்வித்தாளில் எலெக்ட்ரான் ஓய்வில் இருக்கிறது என்று இருந்தால் அந்தச் சாக்கு செல்லாது.)

அறிகுறி: 180 பாகையில் இழப்பே இல்லை, 135இல் மிகக் குறைவு

90 பாகை வரை எல்லாம் ஒழுங்காக வந்து, அதற்கு மேல் இழப்பு குறையத் தொடங்கினால், விரிகோணத்தின் கொசைனில் உள்ள கழித்தல் குறியை விட்டுவிட்டீர்கள். 135 பாகையின் கொசைன் −0.7071. கோணக் காரணி 1.7071. குறி விழுந்தால் 0.2929 ஆகிவிடும், அது 45 பாகைக்கு உரியது. 180இல் காரணி 2 ஆக வேண்டும், குறி விழுந்தால் பூச்சியம். நேராகப் பின்னால் திரும்பும் ஃபோட்டான்தான் அதிகம் இழக்கிறது.

கேள்வியில் கருவி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, கதிர் வந்த திசையிலிருந்து கோணத்தை அளந்தாலும் இதே மாதிரி ஆகும். நேராகப் போயிருந்தால் எந்தத் திசையில் போயிருக்குமோ, அங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

அறிகுறி: விடை நம்பும்படி இருக்கிறது, ஆனால் ஒத்துவரவில்லை

எனக்கு அதிகம் கவலை தரும் பிழை இதுதான், ஏனென்றால் இதில் அபத்தமான எண் எதுவும் வராது. கால்குலேட்டர் ரேடியனில் இருந்தாலும் கோணக் காரணி 0க்கும் 2க்கும் நடுவில்தான் விழும். அதனால் இழப்பு எப்போதும் இயற்பியலுக்கு ஏற்ற அளவிலேயே இருக்கும். பார்வைக்குக் குற்றமே தெரியாது. பரீட்சையில் மதிப்பெண் மட்டும் போய்விடும்.

சோதனைக் கணக்கில் 576க்குப் பதில் 822 இ.வி. வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. 488 இ.வி. வந்தால் செங்கோணத்தை நூறாகப் பிரிக்கும் கிரேடியனில் இருக்கிறது. கிரேடியனை யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுப்பதில்லை, ஆனால் கோண அமைப்பை மாற்றும்போது விரல் ஒரு எண் தள்ளிப் பட்டால் போதும்.

கணக்குத் தொடங்கும் முன் 90இன் கொசைனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பூச்சியம் வர வேண்டும். −0.448 வந்தால் ரேடியன், 0.156 வந்தால் கிரேடியன். எக்செல் எப்போதும் ரேடியனில்தான் கணக்கிடும். அங்கே கொசைனுக்குள் பாகையை நேரடியாகப் போடாமல், பாகையை ரேடியனாக மாற்றும் செயல்கூற்றுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும்.

நம்பும்படியான இன்னொரு தப்பான விடை 596. இது 3 விழுக்காடு அதிகம். இழப்பு = ஆற்றல் × அலைநீள மாற்றம் ÷ அலைநீளம் என்று தோராயமாகப் போட்டவர்களுக்கு இது வரும். கடைசியில் வகுக்க வேண்டியது பழைய அலைநீளத்தால் அல்ல, புதிய அலைநீளத்தால். அப்படி வகுத்தால் 576 சரியாக வந்துவிடும், தோராயம் என்ற பேச்சே இல்லை.

அறிகுறி: காம்ப்டன் அலைநீளமே கோணலாக வருகிறது

2.426 பிக்கோமீட்டரை மனப்பாடமாகப் போடாமல், மாறிலிகளிலிருந்து கணக்கிடச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான். பிளாங்க் மாறிலி 6.626 × 10⁻³⁴ ஜூல் வினாடி, எலெக்ட்ரான் நிறை 9.109 × 10⁻³¹ கிலோகிராம், ஒளியின் வேகம் வினாடிக்கு 2.998 × 10⁸ மீட்டர். விடை 2.426 × 10⁻¹² மீட்டர் வர வேண்டும்.

2.18 × 10⁵ வந்தால் அடைப்புக்குறி போடவில்லை. கால்குலேட்டர் முதலில் நிறையால் வகுத்து, அப்புறம் ஒளியின் வேகத்தால் பெருக்கிவிட்டது. 8.09 × 10⁻²¹ வந்தால் பகுதியில் ஒளி வேகத்தின் வர்க்கத்தைப் போட்டிருக்கிறீர்கள். அலகைச் சரிபார்த்தால் மீட்டர் வராமல் வினாடி வரும், அதிலேயே தெரிந்துவிடும். 1.51 × 10⁷ வந்தால் பிளாங்க் மாறிலியை 4.136 × 10⁻¹⁵ என்று இ.வி. வினாடியில் எடுத்துக்கொண்டு, நிறையைக் கிலோகிராமில் விட்டிருக்கிறீர்கள். அது பதினைந்தாயிரம் கிலோமீட்டர். பூமியின் விட்டமே பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்தான். ஓர் எலெக்ட்ரானுக்குரிய நீளம் பூமியைவிடப் பெரிதாக வந்தால் அலகுகள் கலந்துவிட்டன என்று அர்த்தம்.

எனது யோசனை: ஜூலை விட்டுவிடுங்கள். 511 கே.இ.வி., 2.426 பிக்கோமீட்டர், 1240 இ.வி. நானோமீட்டர் ஆகிய மூன்றும் இருந்தால் இந்தப் பாடத்துக்கு வேறு மாறிலி வேண்டாம். கேள்வி ஜூலில் விடை கேட்டால் கடைசி வரியில் மட்டும் 1.602 × 10⁻¹⁹ஆல் பெருக்குங்கள்.

அறிகுறி: இழப்பு பத்து லட்சம் மடங்கு சிறியது

இது நம் நாட்டுக்கே உரிய தொல்லை. தென்னாப்பிரிக்கப் பள்ளிப் பாடங்களில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுகிறோம். 2,426 என்றால் இரண்டும் சொச்சமும். அமெரிக்கப் பாடநூலில் அதே 1,240 என்றால் ஆயிரத்து இருநூற்று நாற்பது. இரண்டு விதப் புத்தகங்களும் ஒரே மேசையில் கிடக்கும்போது குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். (இந்தக் கட்டுரையில் தமிழ் அச்சு வழக்கப்படி புள்ளிதான் தசமம்.)

1,240 இ.வி. நானோமீட்டர் என்பதை 1.24 என்று படித்தவர் ஃபோட்டானின் ஆற்றலை 17.4 இ.வி. என்று எடுத்துக்கொள்வார். இழப்பாக 0.0006 இ.வி. வரும். தொடக்க ஆற்றலில் செய்த பிழை ஆயிரம் மடங்கு, ஆனால் இழப்பில் வந்த பிழை ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. காரணம், குறைந்த ஆற்றல்களில் இழப்பு தொடக்க ஆற்றலின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது. ஆகவே விடை பத்து லட்சம் மடங்கு தப்பினால், ஆயிரம் மடங்குப் பிழை ஒன்றைத் தேடுங்கள். ஆங்ஸ்ட்ராமை நானோமீட்டர் என்று எடுத்தால் பத்து மடங்குப் பிழை நூறு மடங்காக வெளிப்படும். பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர், நூறு பிக்கோமீட்டர் ஓர் ஆங்ஸ்ட்ராம்.

எக்செல்லில் இதே பிரச்சினை வேறு வேடத்தில் வரும். கணினியின் வட்டார அமைப்பு தென்னாப்பிரிக்க ஆங்கிலம் என்று இருந்தால், புள்ளி வைத்து 0.07107 என்று தட்டியதை எக்செல் எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். நீங்கள் தட்டியது இடப்பக்கம் நிற்கிறதென்றால் சூத்திரத்தில் குற்றமில்லை, புள்ளியில்தான் குற்றம். காற்புள்ளி போட்டுத் தட்டுங்கள், அல்லது அமைப்பை மாற்றுங்கள்.

அறிகுறி: இழப்பு பூச்சியம், அல்லது ஒரு இலக்கம் மட்டும் மிஞ்சுகிறது

17.445ஐ 17.4 என்றும் 16.869ஐ 16.9 என்றும் சுருக்கிவிட்டுக் கழித்தால் 0.5 கே.இ.வி. வரும். உண்மை 0.576. கிட்டத்தட்டச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது, சுருக்கியதில் போன இலக்கங்கள்தான் விடையே.

கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இது இன்னும் மோசம். 500 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் 2.48 இ.வி. 90 பாகையில் இழப்பு 0.000012 இ.வி.தான். கழித்துப் பார்த்தால் கால்குலேட்டர் திரையில் பூச்சியத்தைப் போன்ற ஒன்றுதான் தெரியும். கழிக்காமல், மேலே கொடுத்த நான்காவது வரியை, அதாவது இழப்பு = ஆற்றல் × விகிதம் ÷ (1 + விகிதம்) என்பதைப் பயன்படுத்துங்கள். அதில் கழித்தலே இல்லை. காம்ப்டன் எக்ஸ் கதிரை எடுத்துக்கொண்டதன் காரணமும் இங்கே புரியும். அலைநீள மாற்றம் எல்லா ஒளிக்கும் ஒன்றே. ஆனால் 500 நானோமீட்டரில் 0.0024 என்பது தூசி, 0.071 நானோமீட்டரில் 3 விழுக்காட்டுக்கு மேல். அன்றைய கருவியில் அது நன்றாகவே தெரிந்தது.

அறிகுறி: எலெக்ட்ரான் ஒளியைவிட வேகமாகப் போகிறது

ஃபோட்டான் இழந்தது முழுவதும் எலெக்ட்ரானின் இயக்க ஆற்றல். அதுவரை சரி. அப்புறம் வேகம் கேட்டால் கை தானாக 'அரை எம் வி வர்க்கம்' எழுதிவிடுகிறது. மாலிப்டினம் கதிரில் இது பெரிய தவறாகத் தெரியாது. 180 பாகையில்கூட எலெக்ட்ரானுக்குக் கிடைப்பது 1.1 கே.இ.வி.தான், அதன் வேகம் ஒளியின் வேகத்தில் 6.6 விழுக்காடு.

சீசியம் 137இன் 662 கே.இ.வி. காமா கதிரைப் போட்டுப் பாருங்கள். 180 பாகையில் சிதறிய ஃபோட்டானுக்கு 184 கே.இ.வி., எலெக்ட்ரானுக்கு 478 கே.இ.வி. பழைய வாய்பாட்டில் வேகம் ஒளி வேகத்தின் 1.37 மடங்கு என்று வரும். சார்பியல் முறையில் இயக்க ஆற்றலை 511ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் லாரன்ஸ் காரணி 1.935 கிடைக்கும். அதிலிருந்து வேகம் ஒளி வேகத்தில் 0.856 மடங்கு. இயக்க ஆற்றல் 5 கே.இ.வி.யைத் தாண்டினால் சார்பியல் வாய்பாட்டுக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: இரண்டு கோணங்களும் சேர்ந்து 90 ஆக இல்லை

ஆக வேண்டியதில்லை. ஒரே நிறையுள்ள இரண்டு பந்துகளில் ஒன்று நின்றிருந்து மோதினால்தான் அந்த விதி. எலெக்ட்ரான் தெறிக்கும் கோணத்தின் டேன்ஜென்ட்டைத் தலைகீழாக்கினால், அது (1 + தொடக்க ஆற்றல் ÷ 511) × பாதிச் சிதறல் கோணத்தின் டேன்ஜென்ட் என்பதற்குச் சமம். சோதனைக் கணக்கில் ஃபோட்டான் 90 பாகையில் திரும்பினால் எலெக்ட்ரான் மறுபக்கம் 44 பாகையில் போகிறது. எலெக்ட்ரான் 90 பாகைக்கு மேல் போவதாக வந்தால் இரண்டு கோணங்களையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

அறிகுறி: எலெக்ட்ரானுக்கு ஏறக்குறைய முழு ஆற்றலும் போய்விட்டது

எலெக்ட்ரானின் இயக்க ஆற்றல் 17.44 கே.இ.வி. என்று வந்தால், மெட்ரிக் பாடத்தின் ஒளிமின் சமன்பாட்டைக் கொண்டுவந்துவிட்டீர்கள். அங்கே ஃபோட்டான் முழுவதும் உட்கொள்ளப்படுகிறது, எலெக்ட்ரானைப் பொருளிலிருந்து வெளியே எடுக்கத் தேவையான வெளியேற்று ஆற்றல் போக மிச்சம் எலெக்ட்ரானுக்கு. இங்கே ஃபோட்டான் மறைவதில்லை, குறைந்த ஆற்றலோடு வெளியே வருகிறது. கட்டற்ற ஓர் எலெக்ட்ரான் ஒரு ஃபோட்டானை முழுசாக விழுங்கவே முடியாது. ஆற்றலைச் சமன் செய்தால் உந்தம் சமன் ஆகாது, உந்தத்தைச் சமன் செய்தால் ஆற்றல் ஆகாது. ஒளிமின் விளைவில் மிச்ச உந்தத்தை வாங்கிக்கொள்ள அணு இருக்கிறது.

'வெளியேற்று ஆற்றலை இங்கேயும் கழிக்க வேண்டாமா, அண்ணா?' என்று கேட்பவர்கள் கேட்கும் கேள்வி நல்ல கேள்விதான். கிராஃபைட்டின் வெளியேற்று ஆற்றல் 5 இ.வி.யை ஒட்டியது. 576க்கு முன்னால் அது பொருட்டில்லை, அதனால்தான் வெளிவட்ட எலெக்ட்ரானைக் கட்டற்றது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கார்பனின் உள்வட்ட எலெக்ட்ரான் 284 இ.வி.யால் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு இந்த எளிய கணக்கு பொருந்தும் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

தப்பு போலத் தெரியும், ஆனால் தப்பில்லை

மூன்று இடங்களில் சரியான விடையை அடித்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

எந்த எக்ஸ் கதிரைப் போட்டாலும் அலைநீள மாற்றம் ஒன்றாகவே வருகிறதே என்பது முதலாவது. ஆமாம், அது கோணத்தை மட்டும்தான் சார்ந்தது. ஆற்றல் இழப்புதான் மாறும். தொடக்க ஆற்றலை இரட்டிப்பாக்கினால் 90 பாகையில் 576 இ.வி. 2230 இ.வி. ஆகிறது, கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இரண்டாவது, ஆற்றலை எவ்வளவு ஏற்றினாலும் பின்சிதறல் விடை நகர மறுக்கிறது என்பது. 1000 கே.இ.வி.யைப் போட்டால் 180 பாகையில் 203.5, அதைப் பத்து மடங்காக்கினால் 249. இன்னும் எவ்வளவு ஏற்றினாலும் 255.5ஐத் தாண்டாது. அது 511இல் பாதி. பகுதியிலுள்ள ஒன்று பொருளற்றுப் போகும்போது தொடக்க ஆற்றல் தானாக அடிபட்டுவிடுகிறது.

மூன்றாவது, ரேடியோகிராஃபி மாணவர்கள் கேட்பது. நோயாளியின் உடலில் 60 கே.இ.வி. ஃபோட்டான் 90 பாகையில் சிதறினால் 53.7 கே.இ.வி. மிஞ்சுகிறது. நேராகப் பின்னால் திரும்பினாலும் 48.6. 'இவ்வளவுதானா குறைகிறது?' என்கிறார்கள். இவ்வளவுதான். பக்கவாட்டில் நிற்பவர்மீது விழும் சிதறல் கதிர் வலுவிழந்த கதிர் அல்ல, ஏறக்குறைய அசல் கதிரின் ஊடுருவும் திறன் அதற்கும் உண்டு. ஈய அங்கி போடச் சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான். இந்த ஆற்றல்களில் தசையில் அதிகம் நடப்பது காம்ப்டன் சிதறலே. கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1956இல் இயற்பியலாளராகப் பணிசெய்த ஆலன் கார்மக், எக்ஸ் கதிர் உடலுக்குள் எங்கெங்கே எவ்வளவு குறைகிறது என்பதைக் கணிதத்தால் மீட்டெடுக்கும் வழியைத் தேடத் தொடங்கியது அங்கேதான். அதற்காக 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சி.டி. ஸ்கேன் படிக்கும் பிள்ளைகள் நம் மண்ணிலிருந்து போன இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அறிகுறி: ஆய்வகத்தில் ஒரு மேடு எதிர்பார்த்தேன், இரண்டு வருகிறது

சிதறிய கதிரின் அலைநீள வரைபடத்தில் ஒன்று நகர்ந்த மேடு, இன்னொன்று பழைய இடத்திலேயே நிற்கும் மேடு. காம்ப்டனின் வரைபடங்களிலும் இரண்டும் உண்டு. உள்வட்ட எலெக்ட்ரான்மீது ஃபோட்டான் மோதி, எலெக்ட்ரான் பிய்ந்து வராமல் இருந்தால் முழு அணுவும் உதைப்பை வாங்கிக்கொள்கிறது. கார்பன் அணு எலெக்ட்ரானைவிட ஏறக்குறைய 21,900 மடங்கு கனமானது, ஆகவே அலைநீள மாற்றமும் அத்தனை மடங்கு சிறிது. எந்தக் கருவிக்கும் அது தெரியாது. கனமான தனிமத்தில் சிதறவிட்டால் நகராத மேடு இன்னும் ஓங்கி நிற்கும்.

மூன்றாவது மேடு ஒன்று 0.0632 நானோமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் அது சிதறலே இல்லை, மாலிப்டினத்தின் கே பீட்டா கதிர். சிர்கோனியம் தகடு வைத்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். நகர்ந்த மேடு அகலமாக இருப்பதும் கோளாறல்ல. கிராஃபைட்டுக்குள் எலெக்ட்ரான்கள் சும்மா நிற்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஓர் உந்தம் உண்டு. மேட்டின் நடுப்புள்ளியைத்தான் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

கதிரின் ஆற்றலை அளக்கும் சோடியம் அயோடைடு படிகத்தை வைத்து 576 இ.வி. நகர்வைத் தேடினால் கிடைக்காது. அந்தப் படிகம் அவ்வளவு நுட்பமாகப் பிரித்துக்காட்டாது. அதனால்தான் மாணவர் ஆய்வகங்களில் சீசியம் 137 கொடுக்கிறார்கள். 90 பாகையில் 662 கே.இ.வி. 288க்கு இறங்குகிறது, எந்தப் படிகத்துக்கும் தெரியும் இறக்கம். அந்த நிறமாலையில் 184 பக்கம் ஒரு சிறு மேடும், 478இல் ஒரு சரிவும் தெரியும். அவை சீசியம் உமிழும் வேறு கதிர்கள் அல்ல. சுற்றியுள்ள சுவரிலும் ஈயத்திலும் பட்டுத் திரும்பிவந்த ஃபோட்டான்கள் 184இல் விழுகின்றன. படிகத்துக்குள்ளேயே சிதறி ஃபோட்டான் தப்பிவிட, எலெக்ட்ரான் விட்டுச்சென்ற ஆற்றலின் உச்ச வரம்பு 478. இரண்டையும் கூட்டினால் 662 வர வேண்டும். உங்கள் வரைபடத்தில் படித்த எண்களைக் கூட்டி 662க்குப் பதில் 640 வருகிறதென்றால், கணக்கைத் திருப்பிப் போட வேண்டாம். கருவியின் ஆற்றல் அளவுகோலை இன்னொரு தெரிந்த மூலத்தை வைத்துச் சரிசெய்துவிட்டு மறுபடி படியுங்கள்.